அவள் இடித்த சுவர்

அந்தக் கதையின் நாயகிக்குக் கை உலக்கை மாதிரி இருக்கும். கால் அதைவிட மோசம். பல் ஒழுங்கில்லை, முடி ஒழுங்கில்லை, வாயைத் திறந்தால் திட்டு. ஊரை ஒட்டிய சதுப்பு நிலத்தில் தனியாக இருக்கிறாள். ஊர்ப் பிள்ளைகள் சாப்பிட மறுத்தால் அவளிடம் பிடித்துக் கொடுத்துவிடுவோம் என்றுதான் பயமுறுத்துவார்கள். இப்படி ஒருத்தியை வைத்து யாரோ ஒருவர் தடியாக ஒரு மாயாஜாலக் கதை எழுதியிருந்தார். அதை ஒரு பிள்ளை எனக்கு வாசித்துக் காட்டினாள். நான் பெற்ற பிள்ளை இல்லை. நான் பார்த்துக்கொண்ட பிள்ளை.

நான் சிங்கப்பூரிலேயே பிறந்தவள். வீடு தெம்பனிஸில். தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். அதை மூடிய பிறகு பள்ளிக்கூடக் கேண்டீனில் பாத்திரம் கழுவினேன். முட்டி போன பிறகு வீட்டிலிருந்தபடி பிள்ளை பார்க்கத் தொடங்கினேன். வீட்டுக்காரர் இறந்து பல வருடம் ஆயிற்று. எங்களுக்குப் பிள்ளை இல்லை. இதைச் சொன்னதும் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொள்கிறவர்களை எனக்குப் பிடிக்காது.

அந்தக் குடும்பம் சென்னையிலிருந்து வந்து என் அடுக்குமாடிப் புளோக்கிலேயே மேல்மாடியில் வாடகைக்கு இருந்தது. புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் கம்ப்யூட்டர் வேலை. பிள்ளை அப்போது தொடக்கநிலை ஒன்று, அதாவது முதல் வகுப்பு. பள்ளி விட்டதும் நேராக என் வீட்டுக்கு வருவாள். இருட்டுகிற நேரத்தில் தாய் வந்து கூட்டிக்கொண்டு போவாள்.

தாய் முதல் நாளே இரண்டு விஷயம் சொல்லிவிட்டாள். அவர்கள் சைவம். பிள்ளையிடம் நல்ல தமிழில் பேச வேண்டும்.

"இங்க எல்லாரும் வாய்க்கு வாய் லா போடுறாங்கக்கா. அவளுக்கு அது ஒட்டிக்கக் கூடாது."

"சரிலா" என்றேன். வேண்டுமென்று சொல்லவில்லை. வாயில் வந்துவிட்டது.

சைவத்துக்கு நான் தேக்கா கடைத்தெருவுக்குப் போய் ஒரு சட்டி வாங்கி வந்தேன். அலுமினியச் சட்டி, இரண்டு காது வைத்தது. அதில் மீன் பட்டதில்லை, முட்டைகூடப் பட்டதில்லை. அதை அடுப்பில் வைத்தாலே பிள்ளை வந்து நிற்பாள். என் சட்டி, என் சட்டி என்பாள். வேறு எந்தப் பாத்திரத்தோடும் அதைச் சேர்த்துக் கழுவ விடமாட்டாள்.

பிள்ளை கறுப்பு. எலும்பு பெரிது. வயதுக்கு மீறிய உயரம். பள்ளியில் நாடகம் போட்டால் இவளை மரமாக நிற்க வைப்பார்கள். ஒரு வருடம் மரம், அடுத்த வருடம் பாறை. பாறைக்கு வசனம் உண்டா என்று கேட்டேன். "இருக்கு ஆன்ட்டி, பேய் வந்து மிதிச்சா ஐயோன்னு சொல்லணும்" என்றாள். அந்த ஒரு வார்த்தையை என் சமையலறையில் நின்று பயிற்சி செய்தாள். எனக்கு அந்த ஆசிரியரை ஒரு மிதி மிதிக்க வேண்டும் போல இருந்தது.

தொடக்கநிலை ஐந்தில் இருந்தபோதுதான் நூலகத்திலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்து வந்தாள். ஆங்கிலப் புத்தகம். எனக்கு ஆங்கிலம் பேச வரும், கடிதம் வந்தால் படித்துப் புரிந்துகொள்வேன், அதற்கு மேல் பொறுமை கிடையாது. அவள் தரையில் உட்கார்ந்து ஃபிரிட்ஜில் சாய்ந்துகொண்டு வாசிப்பாள். நான் காய் நறுக்கிக்கொண்டு கேட்பேன். புரியவில்லை என்றால் கத்தியால் பலகையில் ஒரு தட்டு. அவள் அந்த இடத்தைத் தமிழில் சொல்லிவிட்டுத் தொடர்வாள். போகப் போகப் பாதிக்கு மேல் தமிழிலேயே சொன்னாள்.

முதல் நாள் அந்த நாயகியைப் பற்றி வாசித்ததும் நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"ஆன்ட்டி, இவங்க உங்கள மாதிரியே இருக்காங்க."

"அடி செருப்பால. நான் என்ன பூதமா?"

"பூதம் இல்ல ஆன்ட்டி. ஹீரோயின்."

கதை இதுதான். ஒரு நாட்டில் கெட்ட ராணி ஒருத்தி மந்திரத்தால் ஆட்சியைப் பிடிக்கிறாள். பழைய ராஜாவின் ஆட்கள் குழந்தை இளவரசியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். துரத்துகிறவர்கள் நெருங்கியதும், சதுப்பு நிலத்துக்காரி வீட்டு வாசலில் கவிழ்த்து வைத்திருந்த கஞ்சிப் பானைக்குள் குழந்தையை ஒளித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அவள் காலையில் கஞ்சி காய்ச்ச வந்து பானையைத் தூக்கினால் உள்ளே பிள்ளை. அவளுக்குப் பிள்ளைகளைப் பிடிக்காது. மூக்கைச் சிந்தும், அழும், எதையாவது கேட்டுக்கொண்டே இருக்கும். ஆனாலும் கஞ்சி ஊற்றுகிறாள். வளர்க்கிறாள். ராஜாவுக்கு நாடு திரும்பக் கிடைத்துவிட்டது என்று தெரிந்ததும் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு அரண்மனைக்கு நடக்கிறாள். போகிற வழிதான் புத்தகம் முழுவதும்.

எனக்கு ஏன் அந்தக் கதை அப்படிப் பிடித்தது என்று பிறகு யோசித்திருக்கிறேன். இந்த மாதிரிக் கதைகளில் வருகிறவள் வெள்ளையாக இருப்பாள். அழுக்கு உடுத்தியிருந்தால்கூட, துடைத்தால் வெள்ளையாக இருப்பாள். இல்லாவிட்டால் கடைசிப் பக்கத்தில் சாபம் நீங்கி அழகாகிவிடுவாள். நான் அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கே, இந்தக் குளத்தில் குளித்தால் அழகாகிவிடுவாளா, இந்தப் பழத்தைத் தின்றால் அழகாகிவிடுவாளா என்று. ஆகவில்லை. குளத்தில் குளித்தாள், அழுக்குப் போயிற்று, அவ்வளவுதான். வழி முழுக்க முட்டி வலிக்கிறது என்று புலம்பினாள். எனக்கும்தான் வலிக்கிறது. ஒரு மாயாஜாலக் கதையில் முட்டிவலியை எழுதத் தோன்றியவரை நான் அன்றைக்கு மதித்தேன்.

ஒரு ஆறு வருகிறது. கடக்க வேண்டுமானால் ஆற்றுக்கு ஒரு ஞாபகத்தைக் கொடுக்க வேண்டும். கொடுத்தது திரும்பி வராது. வந்தவர்கள் எல்லாரும் தங்கள் நல்ல ஞாபகத்தைக் கொடுத்துவிட்டு அக்கரையில் போய் அழுகிறார்கள். இவள் என்ன செய்கிறாள் என்றால், ஊர் தன்னைத் திட்டியதை ஒவ்வொன்றாகக் கொடுக்கிறாள். ஆறு போதும் என்கிறது. இரு, இன்னும் இருக்கிறது என்கிறாள். கொடுத்துக்கொண்டே இருக்கிறாள். ஆறு நிறைந்து கரை வழிந்து, தாங்க முடியாமல் இவர்களை அந்தப் பக்கம் தள்ளிவிடுகிறது.

அதைக் கேட்டு நான் சிரித்த சிரிப்பில் வெங்காயம் உருண்டு ஓடியது. பிள்ளை என்னிடம், உங்களிடம் ஆறு கேட்டால் என்ன கொடுப்பீர்கள் என்றாள். மலடி என்பதைக் கொடுப்பேன், ராசி கெட்டவள் என்பதைக் கொடுப்பேன் என்று அவளிடமா சொல்வது? "நீ குடு முதல்ல" என்றேன். "பாறைய குடுப்பேன். அப்புறம் மரம்" என்றாள்.

கதை முக்கால்வாசி போயிருந்தது. ஒரு மதியம் பிள்ளை பள்ளியிலிருந்து வந்து கதவருகிலேயே நின்றாள். உள்ளே வரவில்லை, பையைக் கழற்றவில்லை. அழுதுகொண்டிருந்தாள். எனக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. வயதுக்கு வந்துவிட்டாள். தாய்க்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். மீட்டிங்கில் இருப்பதாகச் செய்தி வந்தது.

நடுங்கிக்கொண்டிருக்கிற பிள்ளையை எவ்வளவு நேரம் நிற்க வைப்பது? குளியலறையில் உட்கார வைத்து மஞ்சளைக் குழைத்துத் தேய்த்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றினேன். என் நைட்டியை மாட்டிவிட்டேன். பயப்படாதே, எல்லாருக்கும் வருவதுதான் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவள் சட்டியில் உளுந்தங்களி கிண்டி நல்லெண்ணெய் விட்டுக் கொடுத்தேன். சாப்பிட்டாள். என் மடியில் படுத்துத் தூங்கிவிட்டாள். அந்த மதியத்தைப் பற்றி நான் வருத்தப்படவில்லை. இன்றைக்கு அதே மாதிரி வந்து நின்றாலும் அதையேதான் செய்வேன்.

தாய் ஓடி வந்தாள். பிள்ளையைக் கட்டிக்கொண்டாள். அப்புறம் ஈரத் தலையைத் தொட்டுப் பார்த்தாள்.

"தலைக்கு யாருக்கா ஊத்துனது?"

"நாந்தான். வேற யாரு இருக்கா இங்க?"

அவள் முகம் மாறிய மாதிரியை நான் மறக்க மாட்டேன். தாழ்வாரத்துக்குப் போய் ஊருக்குப் போன் போட்டாள். திரும்பி வந்து என்னைப் பார்க்காமல் பேசினாள். "தப்பா எடுத்துக்காதீங்கக்கா. எனக்கு இதுல எல்லாம் நம்பிக்க இல்ல. ஊர்லதான் கேக்குறாங்க. மொதத் தண்ணி சுமங்கலி கையாலதான் ஊத்தணுமாம்."

எனக்கு முறை தெரியாது என்று நினைத்துவிட்டாள். சிங்கப்பூர்க்காரிக்கு என்ன தெரியும் என்று. எனக்கு நன்றாகவே தெரியும். மாமன் பெண்டாட்டி ஊற்ற வேண்டும், அத்தை ஊற்ற வேண்டும், தாலியோடு இருக்கிறவள் ஊற்ற வேண்டும். அத்தை விமானம் ஏறி வரும்வரை பிள்ளை கதவருகில் நிற்பாளா? இதைக் கேட்டிருக்கலாம். பிள்ளை விழித்திருந்தாள்.

அவர்கள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நான் ஊற்றியதைக் கணக்கில் எடுப்பதில்லை. மறுபடியும் முதல் தண்ணீர் ஊற்றுவது. தாயின் அலுவலகத்தில் வேலை பார்க்கிறவரின் மனைவி ஒருத்தியைப் பாசிர் ரிஸிலிருந்து வரச் சொன்னார்கள். அவளுக்குப் பிள்ளையின் பெயர்கூடச் சரியாக வாயில் வரவில்லை. ஆனால் கழுத்தில் தாலி இருந்தது.

சடங்குக்குச் சாமான் வாங்க யாரைக் கேட்டார்கள் தெரியுமா? என்னைத்தான். தேக்காவில் எந்தக் கடையில் எது நன்றாக இருக்கும் என்று எனக்குத்தானே தெரியும். போனேன். பிள்ளைக்கென்று கேட்டால் நான் போகாமல் இருப்பேனா? மல்லிகைச் சரம், மஞ்சள் கிழங்கு, வெற்றிலை, பிள்ளையின் பெரிய கைக்கு ஏறுகிற அளவில் கண்ணாடி வளையல். வளையல்காரர் யாருக்கு என்று கேட்டார். பேத்திக்கு என்று சொல்லிவிட்டேன்.

மாடி வீட்டில் சடங்கு. ஊரில் இருந்தவர்கள் வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போனை ஒரு முக்காலியில் நிறுத்தி வைத்திருந்தார்கள். தாய் என்னை மெதுவாகக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் வாசலுக்குப் பக்கத்தில், செருப்பு அலமாரியை ஒட்டி ஒரு நாற்காலியில் உட்கார வைத்தாள். அங்கே ஃபேன் காற்று நன்றாக வரும் என்றாள். காற்று வரவில்லை. அந்த இடம் கேமராவில் விழாது, அதுதான் விஷயம்.

பிள்ளை பட்டுப் புடவையில் மனையில் உட்கார்ந்திருந்தாள். வந்தவர்கள் ஒவ்வொருத்தியாகப் போய் நலங்கு வைத்தார்கள். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆன்ட்டி, நீங்க வாங்க."

தாய் குனிந்து அவளிடம் சொன்னாள், "ஆன்ட்டி அப்புறம் வருவாங்கடா, சாப்பிடுறப்ப."

பிள்ளை வளையலைத் திருகிக்கொண்டே இருந்தாள். ஒன்று உடைந்தது. அபசகுனம் என்று யாரோ சொன்னார்கள். நான் சாப்பிடாமல் இறங்கி வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகும் பிள்ளை வந்தாள். தாய்க்கு வேறு வழியில்லை. ஆனால் பிள்ளை அதிகம் பேசவில்லை, புத்தகத்தை எடுக்கவில்லை. நான் கேட்டால் நாளைக்கு என்பாள். முடித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்க வேண்டாமா என்று அதட்டிய பிறகுதான் ஒரு நாள் எடுத்து உட்கார்ந்தாள். நான் செய்தித்தாளை விரித்து இக்கான் பிலிஸ் நெத்திலித் தலை கிள்ளிக்கொண்டிருந்தேன்.

அரண்மனைக்கு வந்துவிட்டார்கள். வாசல் சின்னது. சதுப்பு நிலத்துக்காரி அதற்குள் நுழைய முடியாது. காவல்காரர்கள் சமையல்கட்டு வழியாக வரச் சொல்கிறார்கள். அது இன்னும் சின்னது. அதுவரை ஆங்கிலத்தில் வாசித்தவள், அந்த இடத்தில் தமிழுக்கு மாறினாள்.

"இளவரசி சொன்னா, இவங்களால உள்ள வர முடியலன்னா வாசல்தான் தப்பு, இவங்க தப்பு இல்லன்னு."

"அப்புறம்?"

"அப்புறம் சுவத்த இடிச்சாங்க."

"யாரு?"

"எல்லாரும். ராஜாவும்தான்."

"ராஜா கையில அழுக்காயிடுமே."

"ஆச்சு. இவங்க உள்ள வந்து தரையில உக்காந்தாங்க. நாற்காலி எதுவும் தாங்கல. அப்புறம் ராஜாவத் திட்டினாங்க, பிள்ளைக்குப் பசிக்குது, நின்னுட்டு என்ன பாக்குறேன்னு."

நான் மீனை விட்டுவிட்டுச் சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைக்கலாமென்றால் கையெல்லாம் மீன். இப்படித்தான் முடிக்க வேண்டும், எழுதின ஆளுக்கு மூளை இருக்கிறது என்றேன். பிள்ளை புத்தகத்தை மூடிப் பைக்குள் வைத்துவிட்டாள். அவள் சொன்ன நேரம் முழுவதும் பக்கம் திரும்பவில்லை. பார்த்தேன். பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை.

சில நாளில் தாயும் தகப்பனும் ஒரு தட்டில் வெற்றிலை பாக்கும் புடவையும் எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்கள். தகப்பனின் வேலை போய்விட்டது. இங்கேயே நிரந்தரமாகத் தங்க பிஆர் கேட்டிருந்தார்கள், கிடைக்கவில்லை. ஊருக்கே போகிறார்கள். பிள்ளைக்கு முன்பே சொல்லியிருந்தார்களாம். படிப்புக் கெடும், யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வாங்கியிருந்தார்களாம். யாரிடமும் என்றால் என்னிடமும்.

புடவை நல்ல புடவைதான். இன்னும் பிரிக்கவில்லை.

போகிற அன்று லிஃப்ட் வாசலில் நின்றேன். சாங்கி விமான நிலையத்துக்கு நானும் வருகிறேன் என்று சொல்ல நினைத்தேன். டாக்ஸியில் பெட்டிக்கே இடமில்லை என்று தகப்பன் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கேட்கவில்லை. தாய் அழுதாள். அவள் அழுகை பொய்யில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். "போயிட்டு வரோம்க்கா" என்றாள். எங்கே திரும்பி வரப் போகிறார்கள்? இருந்தாலும் அப்படித்தானே சொல்ல வேண்டும். பிள்ளை லிஃப்டுக்குள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். கதவு மூடுகிறவரை திரும்பவில்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இத்தனை வருடம் சோறு போட்டவளுக்கு முகத்தைக் காட்டக்கூடாதா?

பிறகு வீட்டில் மதியம் போகவே மாட்டேன் என்றது. ஒரு நாள் நூலகத்துக்குப் போனேன். அட்டைப் படத்தைச் சொல்லிக் கேட்டேன், பெரிய பொம்பளை, தோளில் ஒரு பிள்ளை என்று. எடுத்துக் கொடுத்தார்கள். என் புளோக்கின் கீழ்த்தளத்துப் பெஞ்சில் உட்கார்ந்து கடைசிப் பகுதியை எழுத்துக்கூட்டாத குறையாகப் படித்தேன். எனக்கு வேண்டியது அந்தச் சுவர் இடிக்கிற இடம்தான். ராஜா கை அழுக்காகிற இடம்.

அப்படி ஒரு இடமே இல்லை.

வாசல் சின்னது என்பது இருக்கிறது. சமையல்கட்டு வழி இருக்கிறது. அதற்குப் பிறகு அவள் பிள்ளையைத் தோளிலிருந்து இறக்கி உள்ளே அனுப்புகிறாள். ராஜா மாடத்தில் நின்று நன்றி சொல்கிறார். கதவை மூடுகிறார்கள். இளவரசி உள்ளே நடந்து போகிறாள், திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் அழுதுவிடுவாள், அழுதால் சதுப்பு நிலத்துக்காரி சண்டைக்கு வந்துவிடுவாள், சண்டைக்கு வந்தால் காவல்காரர்கள் குத்திவிடுவார்கள். அதனால் திரும்பவில்லை என்று எழுதியிருக்கிறது. அந்த வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன்.

சதுப்பு நிலத்துக்காரி வீட்டுக்கு வருகிறாள். பானையில் மழைத்தண்ணீர், அதற்குள் ஒரு தவளை. அது வேறு ஏதாவதாக மாறுமா என்று கொஞ்ச நேரம் பார்க்கிறாள். மாறவில்லை. தவளையை வெளியே விட்டுவிட்டுப் பானையைக் கழுவிக் கஞ்சி வைக்கிறாள். புத்தகம் முடிந்துவிட்டது.

எழுதின ஆள் கையில் கிடைத்தால் கிழித்திருப்பேன். அவ்வளவு தூரம் நடக்க வைத்துவிட்டு, ஒரு வாசலை அகலமாக எழுத முடியாதா? காகிதத்தில் எழுதுகிற வாசல்தானே? என்ன செலவு? அந்தப் பிள்ளைக்குத் தெரிந்தது இந்த ஆளுக்குத் தெரியவில்லையே. பெஞ்சில் உட்கார்ந்து சத்தமாகவே திட்டினேன். எதிரே கேரம் ஆடிக்கொண்டிருந்த கிழவர்கள் ஆட்டத்தை நிறுத்திப் பார்த்தார்கள். பிறகு அழுதேன். அதையும் பார்த்தார்கள்.

அந்தப் பிள்ளை எப்போதாவது வீடியோவில் கூப்பிடுவாள். புதுப் பள்ளி, புதுச் சிநேகிதிகள். முகம் பெரிதாகிவிட்டது. கூப்பிடுவது குறைந்துகொண்டே வருகிறது. அது அப்படித்தான் போகும். போன தடவை கூப்பிட்டபோது திடீரென்று கேட்டாள்.

"ஆன்ட்டி, அந்தப் புக்க நீங்க எடுத்துப் படிச்சீங்களா?"

மறுபடி எடுத்து வந்த புத்தகம் மேசையில் என் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது.

"எனக்கெதுக்குடி இங்கிலீஷ் புக்கு? நீதான் முழுசா சொல்லிட்டியே."

"முடிவு ஞாபகம் இருக்கா?"

"ஏன் இல்லாம? சுவத்த இடிச்சாங்க."

படம் உறைந்துவிட்டதோ என்று போனைத் தட்டினேன். உறையவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"ஆமாலா" என்றாள். "ராஜாவும்தான்."

பின்னாலிருந்து தாயின் குரல் கேட்டது. "என்னடி அது லா?"